ஷீட்டு வூட்டுக்குப் பன்னண்டு இன்ச் சப்வூஃபர்

இன்னைக்குக் கள்ளக்குறிச்சி போயி, எங்க வூட்டுக்கு மொத ஹோம் தியேட்டர் வாங்கியாந்தேன்.

ரிசீவர் அஞ்சு நிமிஷத்துல முடிவாயிடுச்சி. தம்தம்முன்னு அதிர வெக்கிற சப்வூஃபர் பொட்டியிலதான் வம்பு. கடைக்கார அண்ணன் எத்தன வாட்ஸ் வேணும்னு கேக்கல. "வூடு மாடியா, ஷீட்டுக் கூரையா?"ன்னுதான் கேட்டாரு. "ஷீட்டுன்னா எட்டு இன்ச்சே ஜாஸ்திங்க."

மூணு மாசமா யூடியூப் பாத்து, பன்னண்டு இன்ச்சுதான்னு முடிவு பண்ணி வெச்சிருந்தவன் நான். கூசாம "மாடி வூடுதாண்ணே"ன்னேன்.

பக்கத்துல நின்ன என் வூட்டுக்காரி கையில நறுக்குன்னு கிள்ளுனா.

எங்க ஊரு வடக்கனந்தலுக்கு வந்து, எல்லாத்தயும் மாட்டி, ஒரு சண்டைக் காட்சியப் போட்டேன். ஹீரோ குடுக்கிற ஒவ்வொரு அடிக்கும் தலைக்கு மேல ஷீட்டு தடதடன்னு ஆடுச்சி.

ரெண்டே நிமிஷம். பக்கத்து வூட்டு அக்கா கொம்போட ஓடியாந்தாங்க.

"உங்க ஷீட்டு மேல கொரங்குக் கும்பலே குதிக்குது! உள்ள இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

என் வூட்டுக்காரி நிதானமா சொன்னா: "மேல ஒண்ணுமில்லக்கா. உள்ளதான், ரிமோட்டப் புடிச்சிக்கினு ஒக்காந்திருக்குது."

நாளைக்கு எட்டு இன்ச்சா மாத்தியாரப் போவணும். ஒரே ராத்திரியில மாடி வூடு ஷீட்டு வூடா ஆனதுக்கு அண்ணன்கிட்ட இன்னா காரணம் சொல்றது? யோசனை இருக்கிறவங்க காலையில கடை தொறக்கறதுக்குள்ள சொல்லுங்க.