சத்தம் வராமல் சிரிப்பவர்கள்

முதலில் ஒலியை நிறுத்திவிடுவார் இஃபாத். நிக்காஹ், காதுகுத்து, புதுமனை புகுவிழா, எந்த வீட்டு வீடியோ வந்தாலும் அப்படித்தான். மைக் சத்தம் இல்லாமல், பாட்டு இல்லாமல், முகங்கள் மட்டும் திரையில் ஓடும். மாப்பிள்ளையையும் பெண்ணையும் அவர் கண் தேடாது. பந்தியில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பெரியம்மாவின் முகம் எங்கே மலர்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். மலர்ந்ததும் கட்டைவிரலால் மேசையில் ஒரு தட்டு. அந்த இடத்தில் கத்தரி படாது. "சத்தத்தோட பாத்தா மைக்குல பேசுறவரு சொல்றதையெல்லாம் நம்பிருவோங்க. மொதல்ல மொகத்தப் பாத்துரணும்" என்பார்.

காரைக்கால் பாரதியார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், வீட்டு மாடியில் இருக்கிறது அவருடைய எடிட்டிங் அறை. நாற்பதை நெருங்குகிறார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. இந்தத் தொழிலுக்கு அவர் வந்ததே கணவர் ஷகீலுக்காகத்தான். ஷகீல் குவைத்தில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். சொந்தத் தங்கை கல்யாணத்துக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கல்யாண வீடியோ முழுவதையும் உட்கார்ந்து பார்க்க நேரமும் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் பார்த்து முடிக்கிற மாதிரி இஃபாத் அதைச் சுருக்கி அனுப்பினார். மாப்பிள்ளையின் தம்பி செருப்பைத் தொலைத்துவிட்டு மண்டபம் முழுக்கத் தேடியதும், மாமா ஒருவர் பிரியாணிச் சட்டி பக்கத்திலேயே தூங்கிப்போனதும் அதில் அப்படியே இருந்தன. ஷகீல் ஃபோன் செய்தபோது சிரிப்பில் அவருக்குப் பேச்சே வரவில்லை. அதற்குப் பிறகு தெருவில் இருந்த வளைகுடா வீடுகள் ஒவ்வொன்றாக இஃபாத்தைத் தேடி வந்தன. இன்றைக்கும் வேலை கொண்டுவருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "யாருக்குங்க இது? யாரு பாக்கப் போறாங்க?"

போன மழைக்காலம் முடிந்தபோது அந்தக் கேள்விக்கு முன்னால் மாட்டிக்கொண்டவர் கலைவாணன். நெடுங்காட்டு விவசாயக் குடும்பம், மின்துறையில் வேலை. விடுமுறை நாட்களையெல்லாம் செலவழித்து, கல்லூரிப் பிள்ளைகளை நடிக்க வைத்து ஒரு முழுநீள நகைச்சுவைப் படம் எடுத்திருந்தார். 'ஹால் டிக்கெட்டைக் காணோம்' என்று பெயர். பிளஸ் டூ பரீட்சைக்கு முதல் நாள் ஒருவனுடைய ஹால் டிக்கெட் தொலைந்துபோகிறது. அவனும் மூன்று நண்பர்களும் அதைத் தேடி ஊரெல்லாம் அலைகிறார்கள். கலைவாணன் படித்த காலத்தில் அவருக்கே நடந்தது அது. சென்னையில் இணையத்தில் படங்கள் வெளியிடும் ஒரு கம்பெனி, பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தது. ஆனால் அங்கேயிருந்த அதிகாரி கேட்டதும் இஃபாத் கேட்ட அதே கேள்விதான்.

"பசங்களுக்குத்தாங்கக்கா" என்றார் கலைவாணன். "ஸ்கூல், காலேஜ் பசங்க."

"பசங்கன்னா, பொண்ணுங்களும் சேத்தா?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னு ஒருத்தர நான் பாத்ததே இல்லீங்க தம்பி. ஒரு மொகத்தச் சொல்லுங்க."

கலைவாணன் யோசித்துவிட்டுத் தன் கூடப் படித்த ஒருவனின் பெயரைச் சொன்னார். அவனுக்கு இப்போது தலையில் முடி கொட்டிவிட்டது என்பது அவருக்கே உடனே நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து இஃபாத் வெளியே போக ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பேருந்து நிலையத்தில் நின்றார். கடற்கரைச் சாலையில் எண்ணெயில் பொரித்த இறால் வாடா வாங்கிவைத்துக்கொண்டு, ஆறிப்போகும்வரை சாப்பிடாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன்கள் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். யாராவது விழுந்தால் சிரித்தார்கள். விழுந்தவன்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். பெண்பிள்ளைகளும் சிரித்தார்கள்தான். ஆனால் பஸ் வந்து நின்றதும், படியில் கால் வைப்பதற்குள், முகத்தைச் சரிசெய்துகொண்டார்கள். இஃபாத் அதையும் பார்த்தார். பார்த்தும், அதை வைத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆகவே கண்ணுக்குத் தெரிந்த சிரிப்பை நம்பினார். வேகமாக வெட்டினார். விழுவது, ஓடுவது, வாத்தியாரிடம் மாட்டிக்கொள்வது எல்லாம் முன்னுக்கு வந்தன. ஒவ்வொரு சிரிப்புக்குப் பின்னாலும் விசில் அடிக்கக் கொஞ்சம் இடம் விட்டார். கதாநாயகனுக்கு ஒரு தங்கை வருவாள், தமிழ்மொழி என்கிற காரைக்கால்மேட்டு மீனவர் வீட்டுப் பெண் அந்த வேடத்தில் நடித்திருந்தாள். அவள் வரும் காட்சிகள் இழுக்கின்றன என்று பெரும்பாலும் எடுத்துவிட்டார்.

நெடுங்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். பையன்கள் நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தார்கள். பெண்பிள்ளைகள் சுவரோரமாக, அம்மாக்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. "சிரிச்சே செத்துட்டானுங்கக்கா" என்று கலைவாணன் இஃபாத்தின் கையைப் பிடிக்காத குறைதான். "அந்தப் பக்கம் பாத்தீங்களா?" என்று கேட்டார் இஃபாத். "அதுங்க எப்பவுமே அப்புடித்தாங்கக்கா" என்றார் அவர். இஃபாத்தும் சரியென்று விட்டுவிட்டார். படம் சென்னைக்குப் போனது.

பதில் சீக்கிரமே வந்தது. நன்றாக இருக்கிறது, ஆனால் இதே மாதிரி நிறைய வந்திருக்கிறது, வேறு ஏதாவது செய்ய முடிந்தால் இன்னொரு தடவை அனுப்புங்கள், அதோடு சரி. கலைவாணன் அதைப் படித்துக் காட்டிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இஃபாத்துக்கு அவரைவிட வலித்தது. வெட்டியது அவருடைய கை.

அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம், அஸர் தொழுகை முடித்து மாடிக்கு வந்த இஃபாத், கதவு லேசாகத் திறந்திருப்பதைப் பார்த்தார். உள்ளே அவருடைய மகள் ஆரிபாவும் அவள் சிநேகிதி நஜீபாவும். இருவரும் பிளஸ் ஒன். ஒரே இயர்ஃபோனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வெட்டிப் போட்ட துண்டுகளை எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தாள் ஆரிபா. இருவர் தோள்களும் குலுங்கிக்கொண்டிருந்தன. நஜீபா உள்ளங்கையால் வாயை மூடியிருந்தாள். ஆரிபாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மூச்சுக்கூட வெளியே கேட்கவில்லை. பெற்ற பிள்ளை இவ்வளவு சிரித்து இஃபாத் பார்த்ததில்லை. இவ்வளவையும் சத்தமில்லாமல் சிரிக்க எப்போது பழகினாள் என்றும் தெரியவில்லை.

திரையில் தமிழ்மொழி. டியூஷன் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கடற்கரைக்கு வந்திருக்கிறாள் அந்தத் தங்கை. அம்மாவிடமிருந்து ஃபோன். அலைச் சத்தம் கேட்காத இடம் தேடி மணலில் அங்குமிங்கும் ஓடுகிறாள். பக்கத்தில் சுண்டல்காரர் கூவுகிறார். "அது சாரும்மா, பாடம் நடத்துறாரு" என்கிறாள்.

கதவு கிறீச்சிட்டது. இரண்டு முகங்களும் ஒரே நொடியில் அணைந்தன. நஜீபா பையை எடுத்துக்கொண்டு, "வர்றேன் மாமி" என்று படியிறங்கிவிட்டாள்.

இஃபாத் அங்கேயே நின்றார். ஆரிபா வாரத்தில் பாதி நாள் டியூஷன் போகிறாள். சில நாள் தாமதமாக வருகிறாள். கால் செருப்பில் மணல் ஒட்டியிருந்த ஒரு நாள் இருந்தது. அதைப் பற்றி அப்போது அவர் ஒன்றும் நினைக்கவில்லை. இப்போது நினைத்தார். கேட்க வேண்டியது வாய்வரைக்கும் வந்தது. கேட்டால் இந்தப் பெண் இனி இந்த அறைப்பக்கமே வரமாட்டாள் என்பதும் அதே சமயம் புரிந்தது. கிராம்பை ஒரு தடவை கடித்துக்கொண்டார்.

"எந்த எடத்துல சிரிச்சீங்க ரெண்டு பேரும்?"

"ஒண்ணுமில்ல உம்மா."

"உம்மாவாக் கேக்கல."

"பின்ன யாராக் கேக்குறீங்க?"

"இத வெட்டிப் போட்டவளாக் கேக்குறேன். தப்பா வெட்டிட்டேன்னு தோணுது."

ஆரிபா அவர் முகத்தையே பார்த்தாள். நிஜமாகத்தான் கேட்கிறாரா என்று பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "சுண்டல்காரர் வர்ற எடம் இல்ல. அது எல்லாரும் சிரிக்கிறதுதான். போன வச்சதுக்கப்புறம் அந்தப் பொண்ணு சும்மா நிக்கிதுல்ல, அங்க. அவ்ளோ பொய் சொல்லி, அவ்ளோ ஓடி வந்து, கடலப் பாக்கவே இல்ல. மணியப் பாத்துட்டுத் திரும்பி வீட்டுக்குப் போயிடுது." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்புடித்தான் உம்மா இருக்கும்."

இஃபாத்தும் சிரித்தார். யாருக்கு இந்தப் படம் என்று ஊரெல்லாம் நின்று தேடியாயிற்று. கீழே ஒரே சோற்றுப் பானையில் சாப்பிடுகிறவளை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் கலைவாணனைக் கூப்பிட்டுச் சொன்னார். தங்கை நடுவுக்கு வரட்டும், பையன்கள் கொஞ்சம் ஒதுங்கட்டும் என்றார். இதை வீட்டில், ஃபோனில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது பார்க்கிற பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், விசிலுக்கு விட்ட இடமெல்லாம் அவர்களுக்கு வெறும் ஓட்டை என்றார்.

கலைவாணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் கதைங்கக்கா இது. எங்க நாலு பேரு கதை."

"உங்க கதைதாங்க தம்பி. நான் இல்லங்கல."

"பொண்ணுங்களுக்குத் தனி காமெடி, பையனுக்குத் தனி காமெடின்னா, ஒரு வீட்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து எப்பதாங்கக்கா சிரிக்கிறது?"

கலைவாணன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் முழுக்க ஒரு விழிதியூர்க் கல்யாணத்தை வெட்டிக்கொண்டிருந்தார் இஃபாத். கட்டைவிரல் ஒரு தடவைகூட மேசையைத் தட்டவில்லை.

கலைவாணன் திரும்பி வந்தபோது கையில் டிஸ்க்கோடு ஒரு யோசனையும் இருந்தது. கோபத்தில் கேட்ட கேள்விக்குப் பதிலை அவரே கண்டுபிடித்திருந்தார். ஹால் டிக்கெட்டைத் தேடி அலையும் நான்கு பையன்களும் கடற்கரைக்கு வருகிறார்கள். தங்கை அங்கே நிற்பதை அண்ணன் பார்த்துவிடுகிறான். அவனும் நண்பன் வீட்டில் படிக்கப்போவதாகத்தான் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவள் கண்ணில் பட்டால் மாட்டிக்கொள்வோம் என்று ஓடிப்போய் ஒரு படகுக்குப் பின்னால் ஒளிகிறான். அவனைப் பார்த்துவிட்ட அவளும் அதே படகுக்கு அந்தப் பக்கம் ஒளிகிறாள். இரண்டு பேரும் படகைச் சுற்றிக் குனிந்து குனிந்து நகர்கிறார்கள். ஒருவர் மற்றவரைப் பார்த்துவிட்டது தெரிந்தும், கடைசிவரை பார்க்காத மாதிரியே போய்விடுகிறார்கள்.

"தங்கச்சி வரட்டுங்கக்கா. ஆனா இதும் வரணும்" என்றார்.

இஃபாத் சிரித்தது வாய் மூடாமல்.

காரைக்கால்மேட்டில் தமிழ்மொழியின் அப்பா படகையே வைத்து ஒரு சாயங்காலம் எடுத்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். "இந்தப் பக்கம் வர்றாம்மா, ஓடு" என்று தமிழ்மொழிக்கு எச்சரிக்கை கொடுத்து இரண்டு முறை காட்சியைக் கெடுத்தார் அவளுடைய அப்பா.

படம் இரண்டாம் முறை அதே மண்டபத்தில் ஓடியது. பெண்பிள்ளைகள் அன்றும் சுவரோரம்தான், அம்மாக்களோடுதான். தங்கை ஃபோனை வைத்துவிட்டு மணி பார்த்த இடத்தில் பையன்கள் அமைதியாக இருந்தார்கள். சுவரோர வரிசையில் மட்டும் தலைகள் குனிந்தன, முக்காடுகள் அசைந்தன. படகுக் காட்சி வந்தபோது முதலில் வெடித்துச் சிரித்தது ஓர் அம்மா. அது எதிர்பார்க்காதது. அந்தச் சத்தம் கிடைத்த பிறகு அவர் பக்கத்தில் இருந்த மகளும் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு எந்தப் பக்கம் யார் சிரிக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

எல்லாமே சரியாகிவிடவில்லை. பையன்கள் சிலர் பாதியில் எழுந்து போனார்கள். கலைவாணனின் பழைய நண்பன் ஒருவன், நம்ம கதையைப் பொம்பளைப் படமாக்கிட்டே என்று வருத்தப்பட்டான். சென்னைக்காரர்கள் படத்தை எடுத்துக்கொண்டார்கள், கோடை விடுமுறைக்கு வெளியிடுவதாகச் சொன்னார்கள், பெயரை மாற்றவும் சொன்னார்கள். பெயர் விஷயத்தில் கலைவாணன் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

இஃபாத் வழக்கம்போலக் கல்யாணங்களை வெட்டிக்கொண்டிருக்கிறார். ஆரிபா சில சமயம் பின்னால் வந்து நின்று, "அது வேணாம் உம்மா, அந்தப் பொண்ணுக்கு வெக்கமா இருக்கும்" என்பாள். இஃபாத் அதைத் தள்ளிவைப்பார். செருப்பில் இருந்த மணல் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் இஃபாத் ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். "ஏறு. நஜீபா வீட்லயும் சொல்லியாச்சு. அவளையும் ஏத்திக்கலாம்."

எங்கே என்று ஆரிபா கேட்டாள். கடற்கரையில், அரசலாறு கடலோடு சேரும் பக்கம், இரண்டு பேரையும் இறக்கிவிட்டார் இஃபாத். பெண்கள் இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பக்கத்திலேயே நின்றார்கள்.

"நீங்க எறங்கலயா உம்மா?"

"எனக்கு வேல கெடக்கு. இருட்டுறதுக்குள்ள வர்றேன், இன்ஷா அல்லா. போங்க."

போகலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு மெதுவாக மணலில் இறங்கினார்கள் இருவரும். இஃபாத் வண்டியைச் சாலைப் பக்கம் திருப்பினார். பக்கக் கண்ணாடியில் கடலும் அதை நோக்கி நடக்கும் இரண்டு முதுகுகளும் தெரிந்தன. அவர் கை நீட்டி அந்தக் கண்ணாடியைத் தரையைப் பார்க்கும்படி கீழே திருப்பிவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.