மதினியின் ‘பரவாயில்லையே’

தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் மங்களேஸ்வரிக்கு உலகத்தில் ஒரு குறையும் கிடையாது. ஆய்க்குடியில் பிறந்து, கணேசமூர்த்திக்கு வாக்கப்பட்டுத் தென்காசிக்கு வந்தவள். வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். அது கச்சிதமாக உட்கார்ந்துவிட, அதற்கப்புறம் ஊர் அவளைச் சும்மா இருக்க விடவில்லை. இப்போது ரத வீதிக்குப் பின்னால் சொந்தக் கடை. கூடத் தைப்பதற்குக் கடையநல்லூரிலிருந்து ஜாஹிரா பீவி தினமும் பஸ்ஸில் வருகிறாள். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் மிஷின் சத்தத்தை மீறித் தெருவுக்குக் கேட்கும்.

இப்படிப்பட்டவளை ஒரே சொல்லில் வாடவைக்க ஒருத்தியால் முடியும். கணேசமூர்த்தியின் அக்கா, சென்னையில் மகன் வீட்டில் இருக்கும் ஆவுடையம்மாள். அந்தச் சொல், ‘பரவாயில்லையே’.

“பரவாயில்லையே மங்களம், சொதியெல்லாம் வைக்கப் படிச்சிட்டியே!” கல்யாணமான நாளிலிருந்து தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைக்கிறவளிடம் இப்படி. “பரவாயில்லையே, கடைக்குப் போர்டுல்லாம் மாட்டியிருக்கே!” கூடவே முதுகில் செல்லமாக ஒரு தட்டு.

“இதுக்குப் பேருதான் எளக்காரம்” என்பாள் ஜாஹிரா. “திட்டுனா திருப்பித் திட்டலாம். மெச்சுதவள என்னக்கா செய்ய?”

இளக்காரத்தின் விசேஷமே அதுதான். சொன்னவர் நல்லவராகவே இருப்பார். வாங்கிக்கொண்டவர்தான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆனி பிறந்து சாரல் அடித்து, குற்றாலத்து அருவியில் தண்ணீர் விழுந்ததும், வீட்டு மருமகள் அந்த வீட்டில் பிறந்த பெண்ணைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் வருவாள். கூப்பிடாமல் வாசல் மிதித்தால் மானம் போச்சு. மாமியார் காலத்துக்குப் பிறகு அந்தப் பொறுப்பு மங்களேஸ்வரியுடையது. வருஷா வருஷம் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இளக்காரத்தை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததுதான் மிச்சம்.

இந்த வருஷம் கூப்பிடப் போவதில்லை என்று முடிவு கட்டினாள். ஒரே ஒரு சாரல், அந்தச் சொல் காதில் விழாமல் கழிய வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

சாரல் வந்தது. மேற்கே மலை மேகத்துக்குள் ஒளிந்துகொண்டது. மங்களேஸ்வரி வாயைத் திறக்கவில்லை. பொறுத்துப் பார்த்த ஆவுடையம்மாள் தானே போன் அடித்தாள்.

“அங்கன மழை உண்டுமா?”

“எங்க மதினி, வெயிலு கொளுத்துது.”

“என்னமோ சடசடன்னு கேக்கே?”

தகரக் கூரையில் சாரல் கொட்டிக்கொண்டிருந்தது. “அது மிஷின் சத்தம் மதினி” என்றாள் மங்களேஸ்வரி. ஜாஹிரா வாயைத் துணியால் பொத்திக்கொண்டு கடைக்கு வெளியே ஓடினாள்.

பொய் முழுசாக ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கணேசமூர்த்தி தங்கமான மனுஷன். ஆனால் சூட்சுமம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, “தண்ணி அள்ளிட்டுப் போகுது!” என்று வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். மங்களேஸ்வரி அதைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை, கையில் பையோடு ஆவுடையம்மாள் வாசலில் நின்றாள். கூப்பிடாமலே வந்துவிட்டாள்! மங்களேஸ்வரி உறவு இன்றோடு அறுந்தது என்றே நினைத்தாள்.

“வெயிலு ரொம்பவோ?” என்று மட்டும் கேட்டுவிட்டு மதினி உள்ளே வந்தாள். சண்டை போடவில்லை. சாப்பாட்டில் குறை சொல்லவில்லை. அதுதான் மங்களேஸ்வரிக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆட்டோ பிடித்துக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாள்.

பேரருவியில் பெண்கள் பக்கம் வரிசை நகர்ந்தது. ஆவுடையம்மாள் சேலையை இழுத்துச் செருகி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, விழுகிற தண்ணீருக்குள் நேராகத் தலையைக் கொடுத்தாள். பார்த்த மங்களேஸ்வரிக்குப் பயமெல்லாம் பறந்து உற்சாகம் பொங்கிவிட்டது.

“பரவாயில்லையே மதினி!” என்று கத்தினாள். “இந்த வயசுல உள்ள போயிட்டியளே!” முதுகில் ஒரு தட்டும் தட்டினாள்.

ஆவுடையம்மாள் வெளியே வந்தாள். படியில் உட்கார்ந்தாள். முகத்தில் வழிந்தது அருவித் தண்ணீர் மட்டும்தானா என்று தெரியவில்லை.

“என்னட்டி, எளக்காரமா?”

மங்களேஸ்வரி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அங்கன மருமக நாள்பூரா இதத்தான் சொல்லுதா. பரவாயில்லையே அத்தை, போன்ல பணம் அனுப்பத் தெரியுதே. பரவாயில்லையே, லிப்ட்டுல தனியா வந்துட்டியளே. இங்கன வந்தாத்தான் நான் ஒரு ஆளு. அதான் மானத்தை விட்டுட்டு, கூப்பிடாமலே வந்தேன். இங்கனயும் நீயா?”

மங்களேஸ்வரிக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் இத்தனை வருஷம் விழுங்கியதை இன்றைக்கு விழுங்க முடியவில்லை. “மதினி, நீங்களும் என்னை அப்படித்தான சொல்லுதிய? சொதிக்கு, கடை போர்டுக்கு…”

“ஏட்டி! நான் மெச்சுனதுல்லா அது!”

“உங்க மருமகளும் மெச்சத்தான செய்யுதா?”

ஆவுடையம்மாள் அருவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தால், சிரிக்கிறாள். மங்களேஸ்வரியாலும் அடக்க முடியவில்லை. குளித்துவிட்டுப் போகிற பெண்கள் இருவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

“இவ்வளவு நாளா ஏன் சொல்லல? உன் சொதிக்காகத்தான்ட்டி ரயில் ஏறுதேன். எங்க அம்மை வச்சதைவிட நல்லாருக்கும். அதைச் சொல்ல வாய் வரல, வேற என்னமோ வந்துட்டு.”

மங்களேஸ்வரியின் மனசு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு நாள் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

உடை மாற்றிக்கொண்டு, கடை ஓரம் நின்று இருவரும் சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றார்கள். மங்களேஸ்வரி எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்து அடித்தாள். பக்கத்தில் நின்ற ஆவுடையம்மாளின் பைக்குள்ளிருந்து மணி கேட்டது. அவள் பிளாஸ்டிக் கவரைப் பிரித்து எடுத்துக் காதில் வைத்தாள்.

“மதினி, மங்களம் பேசுதேன். சாரல் விழுந்துட்டு. அருவியில நல்ல தண்ணி. கட்டாயம் வரணும்.”

ஆவுடையம்மாளின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து நின்று, பழைய தோரணையோடு கேட்டாள்:

“வெயிலு கொளுத்துதுன்னு சொன்னாகளே?”