தாலி கட்டும் நேரத்தில் சுற்றிய வட்டம்

சென்ற வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு டி.வி.யில் ஒரு கல்யாணம் பாதியில் நின்றுபோனது.

பதற வேண்டாம். ஏற்கெனவே நல்லபடியாக நடந்து முடிந்த கல்யாணம்தான். என் மகன் பிரசாத்துக்கும் மருமகள் சங்கீதாவுக்கும் இங்கே ஆம்பூரில் நடந்ததே, அதன் வீடியோ. இப்போதெல்லாம் யார் சி.டி. கொடுக்கிறார்கள்? வீடியோகிராபர் ஒரு லிங்க் அனுப்பிவிடுகிறார். டி.வி.யோடு இணைத்திருக்கும் மீடியா பிளேயரில் — எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘பாக்ஸ்’ — அதைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், பந்தியைத் தவிர எல்லாம் மறுபடி கிடைக்கும்.

பார்க்க வந்திருந்தவர் என் நாத்தனார் சரோஜா. என் கணவரின் அக்கா. குடியாத்தத்தில் இருக்கிறார். கல்யாணச் சமயத்தில் கால் முறிந்து, மாவுக்கட்டோடு படுத்திருந்தார். தம்பி மகன் தாலி கட்டியதைக் கண்ணால் பார்க்கவில்லையே என்ற குறை அவருக்கு. சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

கெட்டிமேளம் கொட்டுகிறது. பிரசாத் தாலியைக் கையில் எடுக்கிறான்...

எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். திரையின் நடுவில் ஒரு வட்டம். சுற்றுகிறது... சுற்றுகிறது... சுற்றிக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தாலி ஓர் அங்குலம் நகர்ந்தது. மறுபடி வட்டம்.

“இன்னாடா இது... கட்டுவானா, மாட்டானா?” என்றார் நாத்தனார்.

“நேத்து காலைல பாக்ஸுல அப்டேட் கேட்டுச்சுக்கா. ஓகேன்னு அமுக்கிட்டேன். அதுலேர்ந்துதான் ஸ்லோ” என்றார் என் கணவர்.

“அப்டேட்டாவது, கிப்டேட்டாவது! இந்த வூட்டுக்குப் புதுசு வந்ததுலேர்ந்தே எல்லாம் மந்தமாத்தான்டா இருக்குது. பிரசாத்துக்குப் புரமோஷன் தள்ளிப்போச்சு. எனக்குக் கால் போச்சு...”

நாத்தனார் கெட்டவர் இல்லை. சத்தியமாக இல்லை. வீட்டை ஒட்டியே பவர்லூம். லுங்கி ஓடும் தறிகளின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர். மனதில் வருவதைச் சொல்லிவிடுவார், அதுவும் மெதுவாகச் சொல்ல வராது.

காபி டம்ளர்களோடு சமையலறை வாசலில் சங்கீதா நின்றிருந்தாள்.

வந்தாள். காபியை வைத்தாள். சிரித்தாள். மாடிக்குப் போய்விட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டுமே... அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் திறந்தார். “அக்கா, ஓகே அமுக்குனது நானு. அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு?”

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்து ரிடையர் ஆனவர். மெஷின் இரைச்சலில் இடது காது மந்தம். பேச்சே கம்மி. மருமகளோடு அவர் பேசிய பேச்சு மொத்தமும் இதுதான்: “சாப்ட்டியாம்மா?” “சாப்ட்டேன் மாமா.” முடிந்தது.

அப்படிப்பட்டவர் மறுநாள் காலையிலேயே பாக்ஸ் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தப்பு அப்டேட்டில்தான் என்று நிரூபித்தே தீருவது என்று கிளம்பிவிட்டார். எதற்காக என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

பிரசாத் வேலை விஷயமாகக் கான்பூரில் இருந்தான். போனில், “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கப்பா” என்றான். பண்ணினார். ரௌட்டரை அணைத்துப் போட்டார். பாஸ்வேர்டை அழித்து மறுபடி அடித்தார். அப்டேட்டைத் திரும்ப எடுக்க வழி உண்டா என்று செட்டிங்ஸ் முழுக்கத் தேடினார். இல்லை. நெட் கம்பெனிக்காரரோ, “எங்க சைடுல எல்லாம் ஓகே சார்” என்றார். அது என்னவோ உண்மைதான். ரௌட்டர் பக்கத்தில் போனை வைத்துப் பார்த்தால் ஸ்பீடு பறந்தது. டி.வி.யில் மட்டும் வட்டம்.

“பேஜாரா போச்சு” என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் ஷூ கம்பெனி வேலை முடிந்து வந்த சங்கீதா, பையைக்கூட வைக்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நான் பாக்கட்டுமா மாமா?”

இரண்டு பேரும் கேபிளைக் கழற்றினார்கள், மாட்டினார்கள். பிறகு அவள் போனில் ஸ்பீடு பார்க்கும் ஆப்பைத் திறந்துகொண்டு, வீட்டுக்குள் அடி அடியாக நடந்தாள். வாசல் பக்கம், ஜன்னல் பக்கம்...

“மாமா, இங்க நல்லா ஓடுது. இப்படி ரெண்டடி வந்தா படுத்துக்குது.”

“எங்கம்மா?”

திரும்பிப் பார்த்தேன். அவள் பீரோவின் மேல் கையை வைத்தபடி நின்றிருந்தாள்.

ஆமாம், பீரோவைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். ஆர்டர் கொடுத்த கடையில் தாமதமாகி, சீர் பீரோவைச் சம்பந்தி அந்தச் சனிக்கிழமை காலையில்தான் ஒடுகத்தூரிலிருந்து லோடு ஆட்டோவில் கொண்டுவந்தார். மாடிப்படித் திருப்பத்தில் ஏறவில்லை. ஹாலிலேயே, ரௌட்டர் ஸ்டூலுக்கு முன்னால் நிறுத்தினோம். தொங்கும் வயரெல்லாம் மறைந்ததில் எனக்குச் சந்தோஷம்கூட. அதே காலையில்தான் இவர் ஓகே அமுக்கியதும். கெட்டி இரும்புத் தகடு. முழு நீளக் கண்ணாடி. வைஃபை எப்படித் தாண்டும்?

ஒன்றை அடுத்து ஒன்று நடந்தால், முன்னதுதான் பின்னதற்குக் காரணம் என்று எவ்வளவு சுலபமாக முடிவு கட்டிவிடுகிறோம்! அப்டேட் வந்தது, பாக்ஸ் படுத்தது. மருமகள் வந்தாள், புரமோஷன் போனது. எது புதிதோ, அதன் தலையில்தானே முதல் பழி?

ஆனால், பாருங்கள்... இந்த முறை பழி நிஜமாகவே சங்கீதா பக்கம் வந்து நின்றது. அதுதான் அவள் முகத்தில் தெரிந்தது.

“என் பீரோதான் மாமா...” குரல் உடைந்துவிட்டது. “எங்கப்பாவ வந்து திரும்ப எடுத்துட்டுப் போகச் சொல்லட்டுமா?”

அவர் எழுந்து பீரோவிடம் போனார். அதற்குப் பின்னால் குனிந்து ரௌட்டரைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

“எதுக்கும்மா? பீரோ இங்கதான் இருக்கும். ரௌட்டர் நகரட்டும். வந்தவங்க எதுக்கு நகரணும்? முன்னாடியே இருக்கறவங்கதான் கொஞ்சம் தள்ளிக்கணும்.”

என்னோடு குடும்பம் நடத்திய காலத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

சங்கீதா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் டிரில்லிங் மெஷினைத் தேடப் போய்விட்டார்.

மறுநாள் வாசற்படி நிலைக்கு மேல் ஒரு சின்ன ஷெல்ஃப் முளைத்தது. அவர் ஸ்டூலில் ஏறி நிற்க, அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். “ஊர்ல கடலை புடுங்கியாச்சா?” என்று அவர் மேலிருந்து கேட்டார். அவள் ஆரம்பித்தாள். மலையிலிருந்து இறங்கி வரும் காட்டுப்பன்றிகள், அப்பா டப்பா தட்டித் துரத்துவது, ஒரு முறை பன்றி அப்பாவையே துரத்தியது...

“இந்தப் பக்கம் காது கம்மிம்மா. அந்தப் பக்கம் வந்து சொல்லு.”

சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய், முதலிலிருந்து சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். கையில் ஸ்குரூவை வைத்துக்கொண்டு அவர் அப்படியே கேட்டுக்கொண்டிருந்ததில், ஒரு ஷெல்ஃப் மாட்ட ஒரு சாயங்காலமே ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.

போன ஞாயிறு நாத்தனாரை அவரே போய் அழைத்துவந்தார். லிங்க்கைப் போட்டோம். கெட்டிமேளம். பிரசாத் தாலியை எடுத்தான்... கட்டியே விட்டான்! ஒரு வட்டம் இல்லை, ஒரு தடங்கல் இல்லை. நாத்தனாருக்குக் கண்ணீர் கொட்டியது. அட்சதை தூவுவதுபோலக் காற்றில் கையை அசைத்தார். “இங்க வாடி கண்ணு” என்று சங்கீதாவை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, கன்னம் வழித்துச் சொடுக்குப் போட்டார். “போன வாரம் ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத.”

“ஐயோ, அதெல்லாம் இல்ல பெரியம்மா.”

பிறகு தம்பியைப் பார்த்து, “ஆமா... இன்னாடா கோளாறு அது? கண்டுபுடிச்சியா?” என்றார்.

சங்கீதா தரையைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். பொய் சொல்ல வராத மனிதர், முகத்தைத் துளியும் மாற்றிக்கொள்ளாமல் சொன்னார்:

“அப்டேட்டுதான்க்கா.”

சங்கீதாவின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கத்தான். இந்த முறை பார்க்க நன்றாக இருந்தது.

ஒரு வீட்டில் யாராவது ஒருவர் பழி சுமந்துதான் ஆக வேண்டுமென்றால்... அது வாயில்லாத ஒரு சாஃப்ட்வேராக இருந்துவிட்டுப் போகட்டுமே!