சத்து மாத்திரை என்று சொல்லிவிட்டேன்: சாரலில் இரண்டு நாள்

இந்த ஆடியில் குற்றாலம் போனது குளிக்க மட்டுமல்ல. புளியங்குடியில் என் எலுமிச்சை கமிஷன் கடையில் காய் தரம் பிரிக்கும் கமலம் ஒரு திருநங்கை. அவள் மகளாக ஏற்று வளர்த்த ரோஜாவும் திருநங்கைதான். பஸ் நிலையத் தகராறு ஒன்றில் மாட்டி, தென்காசிப் பக்கத்துக் கிளைச்சிறை ஒன்றில் ரிமாண்டில் இருந்தாள். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவள், ஹார்மோன் மாத்திரையை நிறுத்தக்கூடாது. கையில் இருந்தது திங்கட்கிழமையே தீர்ந்துவிட்டது. உடம்பெல்லாம் சூடு பரவி வேர்க்கிறது, படபடப்பாக இருக்கிறது என்று வக்கீல் வந்து சொன்னார்.

கமலம் ஏற்கெனவே ஒருமுறை போய், கைதியைப் பார்க்கும் மனுவில் உறவு என்ற இடத்தில் ‘தாய்’ என்று எழுதியிருக்கிறாள். அதற்கு அத்தாட்சி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். “ஜெயில் சூப்பிரண்டு என்கூடப் படிச்சவன். என்னைக் கண்டா எந்திரிச்சு நிப்பான்” என்று அளந்துவிட்டேன். நான் படித்தது எட்டாவது. என்னோடு படித்த ஒருவனும் சூப்பிரண்டு ஆகவில்லை. அவள் நம்பினாள். மாத்திரை டப்பாவையும் டாக்டர் கடிதத்தையும் மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

வியாழன் காலை 6.10 பஸ். சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், 7.25க்குத் தென்காசி. மனு பார்க்கும் நேரம் பத்து முதல் பன்னிரண்டு வரை. நேரம் கிடக்கிறதே என்று குற்றாலம் டவுன் பஸ் ஏறினேன், இருபது நிமிடம். எண்ணெய் தேய்த்துவிட முந்நூறு ரூபாய். பேசினால் இருநூற்றைம்பதுக்கு வருவார்கள். பேரருவியில் தண்ணீர் யானை விழுவதுபோல் விழுந்தது. அரைமணி நேரம் அடியில் நின்றேன். (சரி, ஐந்து நிமிடம். பின்னால் வரிசை நின்றது.)

சிறை வாசலுக்கு வந்தபோது 11.25. வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் மார்க்கெட் லாரிக்காரர் சண்முகம்.

“என்ன அண்ணாச்சி, நீங்க யாரைப் பாக்க வந்திய?”

“நம்ம சூப்பிரண்டைச் சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்வே.”

கவுண்டருக்கு வந்ததும் வார்டர் மனுவை நீட்டினார். சண்முகம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். உறவு என்ற இடத்தில் ‘தெரிந்தவர்’ என்று எழுதினேன்.

“இது என்ன மாத்திரை அண்ணாச்சி?” என்றார் வார்டர்.

பதில் மஞ்சள் பைக்குள் கடிதமாக இருந்தது. அதை எடுத்தால் சத்தமாகப் படிப்பார், சண்முகம் கேட்பார், மார்க்கெட்டே பேசும். “சத்து மாத்திரைதான்” என்றேன்.

“சத்து மாத்திரைக்கா இவ்ளோ தூரம் வந்திய? இங்கனயே குடுப்பாவ, கொண்டு போங்க.”

திரும்பிவிட்டேன். அதோடு நின்றேனா? ஐந்தருவிக்குப் போய், அங்கிருந்து கமலத்துக்குப் போன் போட்டேன். “குடுத்தாச்சு. சூப்பிரண்டே கையால வாங்கிக்கிட்டான்.” அந்தப் பக்கம் அழுதாள். “நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி” என்றாள். அருவி இரைச்சலில் கேட்காததுபோல் வைத்துவிட்டேன். அன்று ராத்திரி அங்கேயே தங்கி, பரோட்டாவும் நாட்டுக்கோழியும் வாங்கினேன். பாதியை இலையிலேயே விட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள், ஆனால் இது உண்மை.

வெள்ளி 9.40க்கே வாசலில் நின்றேன். கடிதத்தை எடுத்து நீட்டினேன். வார்டர் முழுவதும் மனதுக்குள்ளேயே படித்தார், உதடுகூட அசையவில்லை.

“இதை நேத்தே காட்டியிருக்கலாம்லா அண்ணாச்சி? டாக்டரம்மா இங்க வியாழக்கெழமதான் வருவாவ, மத்த நாள் பெரியாஸ்பத்திரியிலதான். நீங்க வந்தப்ப உள்ளதான் இருந்தாவ.”

அவர் சொன்னபடி ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், எண்பது ரூபாய். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். டாக்டரம்மா கடிதத்தைப் பார்த்து, மாத்திரையை உள்ளே கொடுக்கலாம் என்று சீட்டு எழுதினார். “சுகர் மாத்திரை நின்னா எல்லாரும் பதறுதாங்க. இதுக்கு மட்டும் ஏன் ஒளிக்கிறீங்க? உள்ள வர்ற அன்னைக்கே இதைக் கேட்டு எழுதணும்னு நானும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்” என்றார். சீட்டோடு சிறைக்குத் திரும்பினேன்.

11.50க்கு வார்டர் மாத்திரையை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றினார். உறவு என்ற இடத்தில் இந்தமுறை ‘மாமா’ என்று எழுதினேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ரோஜா வந்தாள். முகம் வெளிறியிருந்தது, கழுத்தெல்லாம் வியர்வை.

“வக்கீல் சொன்னாரு, சூப்பிரண்டு உங்க கூட்டாளியாமே மாமா?”

“இல்ல தாயி.”

“நேத்து யாரோ சத்து மாத்திரையோட வந்துட்டுப் போனாருன்னாவ. அது வேற யாருக்கோன்னு நெனச்சேன்.” சிரித்தாள். “எனக்கு வாற ஆளு அப்படிப் போக மாட்டாருன்னு நெனச்சேன்.”

இப்படி மருந்து கொண்டு போகிறவர்களுக்கு: டாக்டர் கடிதம் அசலாக இருக்கட்டும், சிறைப் பதிவேட்டில் உள்ள பெயரும் அதில் இருக்கட்டும். டாக்டர் வரும் நாளை முன்பே கேளுங்கள். முதலில் சிறை, பிறகு அருவி. மாத்திரையின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். யார் கேட்டால் என்ன?

சனிக்கிழமை கமலத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். அவள் காய் பிரிப்பதை நிறுத்தவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் நானே போகிறேன் என்றேன்.

“வேண்டாம். வக்கீலை வெச்சு நானே போறேன். தாய்னே எழுதுதேன்” என்றாள். பிறகு, ஒரு அழுகல் காயைத் தனியே எறிந்துவிட்டுச் சொன்னாள்: “சாரல் இன்னும் இருக்காம். நீங்க குளிச்சிட்டு வாங்க அண்ணாச்சி.”