ஊர்ப் பெயர் செல்லாது

பதவி உயர்வோடு சென்னைக்கு மாற்றல் வந்தபோது மகன் பத்தாம் வகுப்பில் இருந்தான். நடுவில் பள்ளி மாற்ற வேண்டாமென்று அவனும் கணவரும் திண்டுக்கல்லிலேயே தங்கிவிட்டார்கள். நான் மட்டும் பட்டாபிராமில், புதிதாகக் கட்டிய அடுக்ககம் ஒன்றில் வாடகைக்கு வந்தேன். அங்கிருந்து சென்ட்ரலுக்கு நேர் ரயில் உண்டு. அலுவலகம் சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம்தான்.

எதிர் வீட்டில் ஐடி வேலைக்குப் போகிற தம்பதி. லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார்கள், அதோடு சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் பால் கேட்டபோது என் குரல் கரகரவென்று வந்தது. முந்தைய நாள் முழுக்க வாயையே திறக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ரயிலில் பொழுது போக, போனில் ஒரு விளையாட்டை ஏற்றி வைத்திருந்தேன். தினமும் ஏழு ஆங்கில எழுத்துகள் தரும். அவற்றை மட்டும் வைத்து எத்தனை வார்த்தை முடியுமோ கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் இருக்கும் எழுத்து எல்லா வார்த்தையிலும் வந்தாக வேண்டும்.

ஒருநாள் காலை, பெண்கள் பெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் போனுக்குள் எட்டிப் பார்த்தாள். முப்பது வயதிருக்கும். மடியில் சாப்பாட்டுப் பை.

"இன்னாக்கா, 'டான்ஸ்' கீதே, போடல?"

"நடுவுல 'எல்' இருக்கு பாருங்க. அது இல்லாம எடுத்துக்காது."

"அப்ப 'கேண்டில்' போடு."

போட்டேன். எடுத்துக்கொண்டது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆவடியில் கூட்டம் ஏறி எங்களை நெருக்கியது. அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. அம்பத்தூர் தாண்டியதும் என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஐஸ்லாந்து! ஏழு எழுத்தும் வந்துச்சுக்கா!"

எண்ணிப் பார்த்தேன், உண்மைதான். ஆனால் போன் ஏற்கவில்லை. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இந்த விளையாட்டில் செல்லாது என்றேன்.

"நல்ல விளையாட்டுப்பா. பேரே கேக்காது, நம்மள மாதிரி" என்று சிரித்துக்கொண்டே வில்லிவாக்கத்தில் இறங்கிப் போனாள். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வரவேற்பறை வேலை.

அதன்பிறகு யார் முதலில் ஏறினாலும் மற்றவருக்கு இடம் போட்டு வைப்பது வழக்கமாயிற்று. அவள் பட்டாபிராமிலேயே பிறந்து வளர்ந்தவள். அவர்கள் நிலத்தில்தான் இப்போது வரிசையாக வீடுகள் நிற்கின்றன என்று ஒருமுறை சொன்னாள், வருத்தமில்லாமல். மாமியாரோடு ஒத்துப்போகாததால் கணவனோடு தாய்வீட்டில் இருந்தாள். சத்தம் போட்டு எழுத்துக் கூட்டுவாள். எதிரே நிற்கிறவர்களும் வார்த்தை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நான் எதையாவது கண்டுபிடித்தால், "அக்கா மூளைக்காரிப்பா" என்று பெட்டிக்கே அறிவிப்பாள். அந்த நாட்களில் இரவு வீட்டில் தனியாகச் சாப்பிடுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

மழைக்காலம் முடிந்த சமயம், ஒருநாள் அவள் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் பையை வைத்து இடம் போட்டிருந்தேன். "யாராவது வராங்களா?" என்று ஆவடியில் ஏறிய ஒரு அம்மாள் கேட்டபோது பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரமும் அவள் வரவில்லை. அவளுடைய நம்பர் என்னிடம் இல்லை, பெயரும் தெரியாது. தினமும் பார்க்கிறவளிடம் அதெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

கடைசியில், வழக்கமாக எங்களோடு வரும் பூக்காரம்மாவிடம் கேட்டேன்.

"வார்த்த சொல்லிகினே வருமே, அந்தப் பொண்ணா? மாமியாருக்குக் கால் ஒடஞ்சி பூட்ச்சாம். ஐயப்பன்தாங்கல்ல மாமியா ஊட்டோட போயிட்ச்சு. வேலயும் உட்ருச்சாம்."

"திரும்பி வருமா?"

"யாரு கண்டா? அது பேருகூட எனுக்குத் தெரியாது."

அந்த ஞாயிறு பூந்தமல்லி போய், பஸ் மாறி ஐயப்பன்தாங்கலில் இறங்கினேன். பணிமனையில் பேருந்துகள் வருவதும் போவதுமாக இருந்தன. அதைத் தாண்டிப் போனால் தெருத்தெருவாக அடுக்ககங்கள், எல்லாமே நான் குடியிருப்பது போலவே. யாரிடம் என்ன சொல்லி விசாரிப்பது? கால் உடைந்த மாமியார் இருக்கும் வீடு எது என்றா? ஒரு கடையில் டீ வாங்கிக் குடித்தேன். எதிர்ப்புறம் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த ஒருத்தியின் முதுகு அவளைப் போலிருந்தது. சாலையைக் கடந்து ஓடினேன். திரும்பினாள், வேறு யாரோ.

திரும்பி வந்து பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் ஒருவர் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னாம்மா, எங்க போவணும்?"

"பட்டாபிராம்."

"நேரா பஸ் கெடயாது. பூந்தமல்லி போயி மாறிக்கோ. தோ, அந்த வண்டில ஏறு."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கணவர் கூப்பிட்டார். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டு, "வெளியிலயா இருக்க?" என்றார்.

"ஆமா. தெரிஞ்சவங்க ஒருத்தங்களப் பாக்க வந்தேன்."

"பரவால்லையே, அங்கயும் ஆளப் புடிச்சிட்டியே! பாத்தியா?"

"வீட்ல இல்ல" என்றேன். மகனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவன் கணக்குத் தேர்வைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே போனான். வண்டி பூந்தமல்லிக்குள் நுழையும்வரை நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.