பிரேம்காரர் அருவிக்கு வழி காட்டியது

என் வீட்டுக்காரர் பேசாமல் இருந்து நான் பார்த்தது, வாயில் ஆணி வைத்திருக்கும்போது மட்டும்தான். படங்களுக்குப் பிரேம் போடுவது அவர் தொழில். நான்கு ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு மூலை அடிப்பார். நான்காவது ஆணி இறங்கியதும் பேச்சு ஆரம்பித்துவிடும். மலையில் எந்த வளைவில் என்ன மரம், எந்தப் பாறையில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்று எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர் போலச் சொல்வார்.

ஊரும் அப்படிப்பட்ட ஊர். மலைமேல் ஒரே ஒரு கடைத்தெரு, அதில் ஒன்பது ஓவியக்கூடங்கள், மளிகைக் கடை ஒன்றே ஒன்று. தபால் நிலையத்துச் சுவர் முழுக்க ஒரு பெரிய கண். எது தபால் பெட்டி, எது சிற்பம் என்று தெரியாமல் ஒருமுறை யாரோ களிமண் தவளையின் வாயில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். வெளியூர்க்காரர்கள் காலையில் அருவிக்குப் போவார்கள், மதியம் ஏரியில் படகு விடுவார்கள், சாயங்காலம் கடைத்தெருவுக்கு வந்து ஆளுக்கொரு அருவிப் படம் வாங்குவார்கள். அந்தப் படமெல்லாம் எங்கள் மேஜைக்கு வரும். அவர் சட்டம் வெட்டுவார். நான் கண்ணாடி துடைத்து, முதுகில் பழுப்புக் காகிதம் ஒட்டுவேன்.

எங்கள் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த இடம் பஸ்ஸில் பதினோரு மணி நேரம். மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். இந்த வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே கணக்கு வாத்தியார் இடம் காலியாகி, மாப்பிள்ளைக்கே தருகிறேன் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். மகள் இரண்டு தெரு தள்ளி இருப்பாள் என்று நினைத்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. குறுக்கே நின்றவர் சம்பந்தி ஒருவர்தான். அப்பா சரி என்று சொல்லாமல் மாப்பிள்ளை செருப்புக்கூட மாற்றமாட்டார். "ஊரைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சம்பந்தி, குடும்பத்தோடு நான்கு நாள் தங்க வந்து இறங்கினார்.

சம்பந்தி ஓய்வுபெற்ற சர்வேயர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசலின் அகலத்தைக் கண்ணால் அளந்துவிடுவார். அதிகம் பேசமாட்டார். கேள்வி மட்டும் கேட்பார். முதல் நாள் கடைத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவர், "காலைல பதினோரு மணிக்கு எட்டுப் பேர் ஸ்டூல் போட்டு உக்காந்து மலையப் பாத்துட்டு இருக்காங்க. இந்த ஊர்ல யாராவது வேலை பாக்குறாங்களா?" என்றார்.

"அவங்க பாக்குறதே வேலைதான் சம்பந்தி" என்றார் இவர்.

மாப்பிள்ளை இந்த ஊருக்கு வர வேண்டும் என்றால் இப்படியா பதில் சொல்வது? "என் பையன் இங்க வந்தா, கணக்கை விட்டுட்டு ஸ்டூல் தூக்கிருவான்" என்று சம்பந்தி முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அப்புறம் இரண்டு நாளும் ஏரி, பூங்கா, பானை செய்யும் இடம் என்று கூட்டிப்போனோம். அவர் முகம் இளகவே இல்லை.

நான்காம் நாள் சாயங்காலத்துக்குள் ஹெட்மாஸ்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். காலையில் மகளும் மாப்பிள்ளையும் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது அருவி. வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதுதான் தாமதம், இவருக்குச் சுருக்கென்றது.

"அருவிக்கா? கண்ணைக் கட்டி விட்டாக்கூட நான் போவேன்."

அந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை. அதில் இருந்த வில்லங்கமும் புதிதில்லை. இவர் அருவிக்குப் போனதே கிடையாது.

நான் போயிருக்கிறேன். பக்கத்துக் கடைத் தையல்காரியும் நானும் வருடத்துக்கு ஒருமுறை போய்க் காலை நனைத்துவிட்டு வருவோம். முதல் தடவை போய்வந்த அன்று இவரிடம் ஆசையாகச் சொன்னேன். "மரப்பாலத்தைப் பாத்தியா?" என்றார். பாலமே இல்லையே என்றேன். "சிவப்புக் கூரை வீடு?" அதுவும் இல்லை என்றேன். "அப்போ நீங்க ரெண்டு பேரும் வேற எங்கயோ போய்ட்டு வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு ரம்பத்தை எடுத்தார். அத்தனை படத்துக்குப் பிரேம் போட்ட மனிதரிடம், வெறுமனே நேரில் பார்த்த நான் என்ன வாதாட முடியும்? அதன் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

நால்வரும் கிளம்பினோம். சம்பந்தியம்மா முழங்கால் வலிக்காரி. ஒரு கையில் குச்சி, இன்னொரு கையில் பிஸ்கட் பொட்டலம். சம்பந்தி அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தார். நாலாயிரத்துச் சொச்சத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அங்கே ஒரு வழிகாட்டிப் பலகை இருக்கிறது. அதை எழுதியவரும் ஓவியர்தான். அம்புக்குறியை இரண்டு பக்கமும் சிறகு விரித்த பறவையாக வரைந்து வைத்திருக்கிறார். வருகிறவர்கள் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு தப்பான பக்கம் போவார்கள்.

வலதுபக்கம் சிமெண்டு மோட்டார் ரூம், துருப்பிடித்த இரும்புக் குழாய், அதை ஒட்டியே வழி. அருவி அந்தப் பக்கம். ஆனால் எந்த ஓவியராவது மோட்டார் ரூமை வரைவாரா? இடதுபக்கம் புதரெல்லாம் பூ.

"இப்படித்தான்" என்று இவர் இடதுபக்கம் திரும்பினார். "கொஞ்ச தூரத்துல பாலம் வரும்."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சம்பந்திக்கு முன்னால் புருஷனைத் திருத்தினால் இவர் மானம் போகும். திருத்தாவிட்டால் என் மகள் போவாள். இரண்டுக்கும் நடுவில் நின்று முழித்துவிட்டு, மெல்லத் திரும்பிவிடலாம் என்று பின்னாலேயே நடந்தேன். என் பொல்லாத நேரம், பாலம் வந்துவிட்டது.

"என்ன சொன்னேன்?" இவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அருவிப் படத்தின் அடியில் வெறுமையாக இருக்கிறதே என்று எந்த ஓவியரோ, எப்போதோ, இந்தப் பாலத்தைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் அதைப் பார்த்து வரைந்திருப்பார்கள். பாலத்தைத் தாண்டினோம். சேறு. சம்பந்தியம்மாவின் ஒரு செருப்பு சேற்றில் தங்கிவிட, அதை நான் குனிந்து பிடுங்கிக் கொடுத்தேன். சிவப்புக் கூரை வர வேண்டிய இடத்தில் ஒரு மாட்டுக்கொட்டகை வந்தது. பாதை அதற்குள்ளேயே போய் முடிந்தது. ஒரு மாடு எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

சம்பந்தி நின்றார். "சம்பந்தி, அருவின்னா சத்தம் கேக்கணுமே."

படங்களில் சத்தம் வராது. இத்தனை வருடத்தில் இவர் அதை யோசித்ததே இல்லை.

"காத்து அந்தப் பக்கம் அடிக்குது" என்றார்.

"காத்து நம்ம மூஞ்சிலதான் அடிக்குது. நாம இறங்கிட்டே வேற இருக்கோம்."

சம்பந்தியம்மா மாட்டுக்கொட்டகைத் திண்டில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்தார். "ஊர் நம்ம பசங்களுக்குச் சரிப்படாது. திரும்பிடலாம்" என்று அடுத்து வரப்போகும் வார்த்தை அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. மானம் கிடக்கட்டும் என்று நான் வாயைத் திறந்தேன்.

"குழாயை ஒட்டிப் போகணும். பின்னால. கால் மணி நேரம்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பிரேமுக்குள் படத்தைத் தலைகீழாக வைத்து ஒட்டிவிட்டது தெரிந்தால் ஒரு முகம் வைப்பாரே, அந்த முகம்தான் இருந்தது. சம்பந்தியம்மாவின் பிஸ்கட் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு என் பின்னால் நடந்தார். வாயில் ஆணி இல்லாமல் கால் மணி நேரம் அவர் பேசாமல் வந்தது எனக்கே என்னமோ போலிருந்தது.

அருவி வந்தது. படத்தில் இருப்பதில் பாதி உயரம்தான். ஆனால் சத்தம் காதை அடைத்தது, சாரல் முகத்தில் விழுந்தது. இவர் கரையில் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி நனைந்தது, மறுபடி துடைத்தார்.

"இடது பக்கம் மேல கொஞ்சம் காலியா இருக்கு" என்றார் கடைசியில், யாரிடமும் இல்லாமல்.

சம்பந்தி அவர் பக்கத்தில் போய் நின்றார். "தப்பா நினைக்காதீங்க. இதுக்கு முன்னாடி நீங்க இங்க வந்திருக்கீங்களா?"

இவரிடம் இல்லாத சமாளிப்பா? ஏதாவது அளந்துவிடப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இல்லைங்க" என்றார். "இருபத்தாறு வருஷமா இதே ஊர்ல இருக்கேன். வந்ததில்ல. லீவு நாள்லதான் ஆளுங்க கடைக்கு வருவாங்க. மத்த நாள்ல அந்த வேலைய முடிச்சாகணும். வாரத்துக்கு இருபது அருவி மேஜைக்கே வந்துருது. அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

அத்தனை வருடமும் ஒருநாள் கடையைப் பூட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். வீம்புக்கு விட்டுவிட்டேன். அவரைப் பார்க்க எவ்வளவு பாவமாக இருந்ததோ, அவ்வளவு கோபம் என் மேலேயே வந்தது.

சம்பந்தி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாதான் பாறைமேல் காலை நீட்டியபடி பேசினார். "இவரு மட்டும் என்னவாம்? ஊர் நிலத்தை எல்லாம் அளந்தாரு. எங்க வீட்டுப் பின்பக்கத்தை அளக்க நேரமில்ல. பக்கத்து வீட்டுக்காரன் ரெண்டடி உள்ள வந்து கோழிக்கூண்டே கட்டிட்டான்."

சம்பந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு நாளில் அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன். "ஸ்டூல் போட்டு உக்காந்தவங்களைப் பாத்தேன். அவங்களுக்குப் பின்னால வேலை செஞ்சவங்களைப் பாக்கல" என்றார். பிறகு இவர் தோளில் கை வைத்தார்.

பாறை விளிம்பிலிருந்து பார்த்தால் கீழே ஊர் முழுவதும் தெரியும். சம்பந்தி அங்கே போய்க் கையை நெற்றிக்கு மேல் வைத்துக் கொண்டார்.

"சம்பந்தி, பையன் வேலை பாக்கப்போற பள்ளிக்கூடம் இதுல எது?"

இவர் கையைத் தூக்கினார். இருபத்தாறு வருடமாகத் தினமும் தாண்டிப் போகிற பள்ளிக்கூடம். தூக்கிய கையைப் பாதியிலேயே இறக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அவளக் கேளுங்க" என்றார்.