ஊறப்போட்ட கல்

உளுந்துக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று யாராவது என்னைச் சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன். அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவள்தான், நாலு பேர் கூடிய இடத்தில் உலக விஷயம் பேசுகிறவள்தான். ஆனாலும் பத்து வயதில் ஒரு பாறைத் துண்டை, கொஞ்சம் மிருதுவாகட்டும் என்று வாளித் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறேன். அதுவும் நல்லெண்ணத்தில்.

அப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். பாறையை எதைக் கொண்டு சுலபமாக வெட்டலாம் என்று சோதிக்கிற இடம் அது. சுரங்கத்துக்குப் போகும் இயந்திரங்கள் முதலில் இங்கே சின்ன அளவில் பரீட்சை எழுதியாக வேண்டும். மாமாவின் பொறுப்பில் உளி இயந்திரம். அதில் உளி அசையாது. மேசையோடு நகர்ந்து வந்து கல்தான் வெட்டுப்படும். எங்கள் வீட்டு அரிவாள்மணையும் அப்படித்தானே என்று கண்டுபிடித்துச் சொன்னேன். விஞ்ஞான உலகம் கண்டுகொள்ளவில்லை.

அப்பாவின் பொறுப்பில் பம்ப்பு. ஊசித் துளை வழியாகத் தண்ணீரைச் சீற வைத்துக் கல்லை அறுப்பது. தண்ணீர் எப்படிக் கல்லை அறுக்கும் என்று தினமும் கேட்பேன். அப்பாவும் சலிக்காமல் தினமும் ஒரு புது விளக்கம் சொல்வார். அந்தத் தண்ணீர் கல்லை அறுத்ததைவிட அப்பாவை நனைத்ததுதான் அதிகம். “ரெண்டு வருஷமா இவுரு ஒரு நாளாவது காய்ஞ்ச சட்டையோட வீட்டுக்கு வந்திருக்காரா?” என்பாள் அம்மா.

ஒரு திங்கட்கிழமை இரண்டுக்கும் போட்டி வைத்தார் புரொபசர். கடலூர்ப் பக்கத்து மேட்டில் எடுத்த மணற்கல் ஒன்றை இரண்டாக அறுத்து, சாக்பீஸால் 1, 2 என்று எழுதியிருந்தார்கள். ஒன்று உளிக்கு, இரண்டு தண்ணீருக்கு. ஒரே ஓட்டத்தில் எது ஆழமாக வெட்டுகிறதோ அது சுரங்கத்துக்குப் போகும். தோற்றது தார்ப்பாய்க்குள் போகும். அப்பாவின் இரண்டு வருடம் தார்ப்பாய்க்குள் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

போட்டிக்கு முதல் நாள் ஞாயிறு. மதியச் சாப்பாட்டுக் கேரியரோடு நான் போனபோது பம்ப்புக்கு அடியில் அப்பாவின் கால்கள் மட்டும் தெரிந்தன.

“மாமா, நாளைக்கு உங்க தண்ணி கல்லக் குளிப்பாட்டட்டும். நம்ம உளி வெட்டிக்கும்” என்று அப்பாவைச் சீண்டினார் மாமா.

“வெட்டு மச்சான். ஒன் உளிக்கு வாரம் ஒரு முனை மாத்துற. என் தண்ணிக்குத் தேய என்னா இருக்குது?” என்றன கால்கள்.

மாமா கை கழுவப் போனார். அன்று காலைதான் அம்மா உளுந்து ஊறப்போட்டிருந்தாள். ஊறினால் சுலபமாக அரைபடும் என்பது எனக்குத் தெரிந்த ஒரே பொறியியல். இரண்டாம் எண் கல்லைத் தூக்கி வாளித் தண்ணீரில் இறக்கி, மேலே சாக்கைப் போட்டு மூடினேன். சாயங்காலம் யாரும் பார்க்காதபோது எடுத்துப் பாவாடையால் துடைத்தேன். சாக்பீஸ் எழுத்து போயிருந்தது. நானே ஒரு 2 போட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். அப்பா என் கல்லின் மேல், காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்தார். எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நம்பர் சரியா தெரியல சார்” என்று இரண்டு கல்லையும் துடைத்து, எண்களை மாற்றி எழுதினார். ஊறிய கல் மாமாவுக்குப் போயிற்று!

உளி அந்தக் கல்லில் பூவன் பழத்தில் இறங்குவதுபோல இறங்கியது. தூசிகூடப் பறக்கவில்லை. அடுத்து அப்பாவின் தண்ணீர் காய்ந்த கல்லில் ஒரு நகக்கீறல் போட்டுவிட்டு, மிச்சத்தைப் புரொபசரின் கண்ணாடி மேல் தெளித்தது. தார்ப்பாயை அப்பாவே இழுத்து மூடினார்.

வழியெல்லாம் நான் அழுதேன். அப்பா கரும்பு ஜூஸ் வாங்கித் தந்து, என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, “கை வலிக்குதா?” என்று கேட்டார். தோற்றவர் அவர், அழுததோ என் கண். நடுவில் கைக்கு என்ன வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

முப்பத்தைந்து வருடம் அந்தப் பாவத்தைச் சுமந்தேன். போன வருடம் திருவந்திபுரத்தில் மாமா மகள் கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் இருந்த அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

“தெரியுமே” என்றார் அப்பா. “அது நீ போட்ட ரெண்டு. வாலை அவ்ளோ நீளமா வேற யாரு இழுப்பா? கல்லும் ஜில்லுனு இருந்துச்சு.”

“அப்புறம் ஏம்ப்பா மாத்துனீங்க?”

“வெளியில சொன்னா ஒன் பேரு கெடும். சொல்லாம அதுலயே வெட்டுனா நான் ஏமாத்துன மாதிரி ஆவும். வேற என்னா பண்றது?”

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். பாயச வாளியோடு வந்த மாமா நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“இதுக்கா அழுவுற? எந்தக் கல்லக் குடுத்திருந்தாலும் அவுரு தோத்துதான் இருப்பாரு. பம்ப்புல வாஷரு ஒழுகிச்சு. ஞாயித்துக்கெழமை பூரா பின்ன எதுக்கு அடியில படுத்துக் கெடந்தாருங்குற? இலையக் காட்டு, பாயசம் ஆறுது.”